முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் வாங்கும் சாமான்கள்: காரைக்குடியில் கிடைப்பவை எத்தனை கிலோ தாங்கும்?

காரைக்குடியில் ஒரு சர்ஜிக்கல் கடைக்குள் போய் "ஆச்சிக்கு மூட்டு ஆபரேஷன், வாக்கர் ஒண்ணு கொடுங்கண்ணே" என்று கேட்டால், திரும்பி வரும் கேள்வி பெரும்பாலும் மடக்குவதா மடக்காததா, சக்கரம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான். ஆச்சி எத்தனை கிலோ என்று கேட்கும் கடை குறைவு. சொல்லி வாங்குகிற வீட்டாரும் குறைவு. முதலில் கேட்க வேண்டியதே அதுதான். 55 கிலோ உடம்புக்கு நன்றாக உழைக்கும் வாக்கர் 95 கிலோ உடம்புக்கு ஆபத்தாகலாம். குண்டானவருக்கென்று வாங்கிய இரும்பு வாக்கரை 40 கிலோ பாட்டியால் தூக்கி வைக்கவே முடியாது.

அதனால் இங்கே ஒவ்வொரு சாமானையும் இரண்டு உடம்புகளை மனதில் வைத்து மதிப்பிட்டிருக்கிறோம். இரண்டு பேரும் 150 செ.மீ. உயரம். ஒருவர் 90 கிலோ, இன்னொருவர் 40 கிலோ. உயரத்தை மீட்டரில் எழுதி அதே எண்ணால் பெருக்கினால் 2.25. எடையை அதால் வகுத்தால், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. முதலாமவருக்கு 40, இரண்டாமவருக்கு 18-க்கும் கீழே. எலும்பு அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை இரண்டு பேருமே கவனமாகப் பார்க்க வேண்டியவர்கள்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்?

சமதரையில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழுவது உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம். படி இறங்கும்போது இன்னும் கூடும். 90 கிலோ உடம்பென்றால் அடிக்கு 180 முதல் 270 கிலோ. புது மூட்டு வைத்த பிறகும் இந்தக் கணக்கு மாறாது. எடை கூடிய மூட்டுத் தேய்மானக்காரர்களை வைத்துச் செய்து 2005-ல் வெளியான ஆய்வொன்றில், ஒரு கிலோ குறைந்தால் முழங்காலில் அடிக்கு நான்கு கிலோ பாரம் குறைவதாகக் கண்டார்கள். ஐந்து கிலோ குறைவது தராசில் சிறிதாகத் தெரிந்தாலும் மூட்டுக்குப் பெரிய விடுதலை என்பது இதனால்தான்.

பாரம் மட்டும் பிரச்சினை இல்லை. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. அந்த அடுக்கு கனமாக இருந்தால் தையலில் இழுவிசை கூடும், நீர் கசிவது நீளும், கிருமி தங்க இடம் கிடைக்கும். ஆபரேஷனும் கூடுதல் நேரம் எடுக்கும். காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் எடையோடு சேர்ந்து ஏறும். கூடவே சர்க்கரையும் இருந்தால் புண் ஆறுவது இன்னும் தாமதம். அமெரிக்க மூட்டு மாற்று மருத்துவர்கள் சங்கம் 2013-ல் பி.எம்.ஐ. 40-க்கு மேல் உள்ளவர்களுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதைப் பரிசீலிக்கச் சொன்னது. 2023-ல் அதே சங்கமும் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பும் சேர்ந்து, மூட்டு மோசமாகி வலியில் இருப்பவரை ஓர் எண்ணைக் காட்டிக் காக்கவைக்க வேண்டாம், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும்தான் அதைச் சரிசெய்துவிட்டுச் செய்யலாம் என்று பரிந்துரைத்தன. எங்கள் கருத்தும் அதுவே. எடை கூடியவர்களுக்கும் ஆபரேஷனால் வலி நன்றாகக் குறைகிறது. "இந்த உடம்போடு எதுக்கு ஆபரேஷன்" என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். அபாயம் கூடுதல் என்று தெரிந்துகொண்டு ஏற்பாடுகளைக் கூடுதலாகச் செய்தால் போதும்.

ஒல்லியானவர்கள் பக்கம் வேறு கதை. சதையும் புரதமும் குறைவு, எலும்பும் பெரும்பாலும் பலவீனம். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 3.5-க்குக் (டெசிலிட்டருக்கு கிராம்) கீழே இருந்தால் புண் ஆறுவது சிரமம். குதிகாலிலும் வால் எலும்பிலும் படுக்கைப் புண் சீக்கிரம் வரும். குண்டானவர்களுக்கும் ஆல்புமின் குறைவாக இருக்கலாம். மூன்று வேளையும் சோறு, இடையில் பலகாரம் என்று சாப்பிட்டுப் பருத்த உடம்பில் புரதச்சத்து இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

வாக்கர்

ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மடக்கு அலுமினிய வாக்கர்தான் எல்லாக் கடையிலும் முன்னால் தொங்கும். 40 கிலோக்காரருக்கு இதுவே சிறந்தது. எடை குறைவு, ஒரு கையால் தூக்கலாம். 70 கிலோ வரை தயக்கமில்லாமல் வாங்கலாம்.

90 கிலோவுக்கு இதை வாங்குமுன் கம்பியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். அதிகபட்ச எடை அதில் அச்சடித்திருக்கும். 100 கிலோ என்றிருந்தால் 90 கிலோக்காரருக்குப் போதும்தானே என்று தோன்றும். போதாது. அந்த எண் நான்கு காலிலும் சமமாகப் பாரம் இறங்கும்போது பொருந்துவது. தடுமாறிச் சாயும்போது மொத்த எடையும் இரண்டு காலில் விழும், அதுவும் வேகமாக விழும். எழுதியிருக்கும் எண்ணுக்கும் உடல் எடைக்கும் குறைந்தது 30 கிலோ இடைவெளி வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். இப்படிக் கனமான வாக்கரைக் கடைக்காரரிடம் சொன்னால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவழைத்துத் தருவார்கள். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் அன்று ஓடினால் கையிலிருப்பதைத்தான் கொடுப்பார்கள்.

தாங்கும் எடைக்கு அடுத்து அகலம். இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பெரிய இடுப்புள்ளவர் குறுகலான வாக்கருக்குள் நிற்க முடியாது. வாக்கரை முன்னால் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டிப் பிடித்து, பின்னால் நின்றுகொண்டே நடப்பார். அப்போது பாரம் வாக்கருக்கு வெளியே இருக்கிறது. வாக்கர் முன்னால் நழுவினால் ஆள் குப்புற விழுவார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இடுப்பின் அகலத்தை டேப்பால் அளந்து, அதைவிட நான்கைந்து செ.மீ. கூடுதலாக உள்கம்பி இடைவெளி இருக்கும் வாக்கரை எடுங்கள். கதவு அகலத்தையும் கூடவே அளந்துகொள்ளுங்கள். வளவை (நடு முற்றத்தை) சுற்றியிருக்கும் பழைய அறைகளின் இரட்டைக் கதவில் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் அகல வாக்கர் நுழையாது. இரண்டு கதவையும் திறந்து கொக்கி மாட்டி வைக்க வேண்டும்.

இடக்காலும் வலக்காலும் மாறி மாறி நகரும் வாக்கர் ஒன்று உண்டு. கடையில் தள்ளிக் காட்டினால் சுலபமாகத் தோன்றும். எடை கூடியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். நடுவிலிருக்கும் கீல்தான் முழு பாரத்தையும் வாங்குகிறது. சில வாரத்தில் ஆட்டம் கொடுத்தால் அந்த ஆட்டம் கையில் தெரியும், நம்பிக்கை போய்விடும். முன்னால் இரண்டு சக்கரம் உள்ளது, தூக்கி வைக்கத் தெம்பில்லாத ஒல்லியானவர்களுக்கு உதவும். ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அது எதிர்பாராத வேகத்தில் ஓடும். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது அந்தத் தரையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உயரம் வைக்கும் முறை: செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடியும் கோடும் கைப்பிடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை 20, 30 டிகிரி மடங்கியிருக்கும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், இரண்டு நாளில் கழுத்து வலிக்கும். குறைந்தால் கூன் விழுந்து நடப்பார்கள், பாரம் மணிக்கட்டில் இறங்கும். நான்கு காலிலும் உயரத்தைப் பூட்டும் பித்தான் ஓட்டை வழியே முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு பித்தான் பாதியில் நின்றாலும் கனமானவர் சாயும்போது அந்தக் கால் சரக்கென்று உள்ளே இறங்கிவிடும்.

வாக்கர் கால்களின் நுனியில் மாட்டும் ரப்பர் புஷ் இன்னொரு விஷயம். ஆத்தங்குடிக் கல் துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும். நம் வீடுகளின் அழகே அது. ஆனால் ஈரத்தில் தேய்ந்த புஷ் அதில் நிற்காது. புஷ்ஷின் அடியில் வட்ட வரிகள் தெரிகிற வரைதான் அதற்கு ஆயுள். எடை கூடியவருக்கு அது சீக்கிரம் முடியும். வாங்கும்போதே கூடுதலாக ஒரு செட் வாங்குங்கள். குழாயின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்துவதாக இருக்கட்டும். தளர்வாக இருந்தால் கழன்று விழுந்து, அலுமினியக் குழாய் நேரே கல்லில் படும். அது வழுக்காமல் நிற்கவே நிற்காது. தண்ணீர் விட்டுத் துடைக்கிற நேரத்தை நோயாளி தூங்கும் நேரத்துக்கு மாற்றிவிடுவது செலவில்லாத பாதுகாப்பு.

நடையின் வரிசை: முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழவே கூடாது. இரண்டு கையும் நாற்காலிக் கையில் ஊன்றி எழுந்து நின்ற பிறகுதான் வாக்கர். 90 கிலோ இழுத்தால் எந்த வாக்கரும் கவிழும்.

நிலைப்படியும் கம்பியும்

செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து வளவு, வளவிலிருந்து இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போகப் போக நிலைப்படிகள் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். உயரமான நிலைப்படியை வாக்கரோடு தாண்டுவது முதல் மூன்று வாரத்துக்கு வேண்டாத வேலை. படுக்கையும் கழிப்பிடமும் ஒரே மட்டத்தில், இடையில் நிலைப்படியே இல்லாத இடமாகப் பார்த்து அமைத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் கழிப்பிடம் பின்கட்டில் இருக்கும். அப்படியென்றால் கட்டிலையும் பின்கட்டுக்கு மாற்றுங்கள், அல்லது கமோடு நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுவாருங்கள். வீட்டுப் பெரியவரைப் பின்கட்டில் படுக்க வைப்பதா என்று தயங்க வேண்டாம். மூன்று வாரம்தான்.

வாசல் படிக்கு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைப்பிடிக் கம்பி இல்லாத படியில் 90 கிலோக்காரரை இரண்டு பேர் தாங்கிப் பிடிப்பது மூன்று பேரையும் ஆபத்தில் விடுவது.

கம்பி மாட்டித்தரும் ஆட்கள் கிடைக்கிறார்கள். ஆனால் பழைய வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சிமெண்டுச் சுவருக்கு அடிக்கும் விரியும் போல்ட்டை அதில் அடித்தால், பூச்சு மிருதுவாக இருப்பதால் பிடிப்பு நிற்காது. மாட்டிய அன்று கெட்டியாகத் தெரியும். கனமான உடம்பு பக்கவாட்டில் இழுக்க இழுக்கத் துளை அகன்று ஒருநாள் மொத்தமாகப் பெயர்ந்து வரும். தரையில் தகடு வைத்துப் பூட்டிய நிற்கும் கம்பியோ, செங்கல்லுக்குள் ஆழமாகத் துளைத்துக் கெமிக்கல் ஒட்டு விட்டு மாட்டிய கம்பியோதான் சரி. மாட்டிய பிறகு வீட்டிலிருக்கும் திடமான ஆள் ஒருவர் முழு எடையோடு தொங்கிப் பார்க்க வேண்டும். உறிஞ்சுகப் வைத்து ஒட்டும் கைப்பிடிகள் ஆன்லைனில் நிறைய வருகின்றன. எந்த எடைக்கும் வாங்காதீர்கள்.

கமோடு நாற்காலி

எங்கள் பார்வையில் வாக்கரைவிட இதில்தான் தப்பு அதிகம் நடக்கிறது. மூன்று வகை கிடைக்கிறது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல், மேற்கத்தியக் கழிப்பறை மேல் கவிழ்க்கும் உயர்த்தி, கைப்பிடியுள்ள இரும்புக் கமோடு நாற்காலி.

பிளாஸ்டிக் ஸ்டூலை 90 கிலோவுக்கு வாங்கவே கூடாது. கால்கள் வழுவழுப்பான தரையில் விரிந்துகொடுக்கும், பிடிக்கக் கையும் கிடையாது. உயர்த்தி நல்ல பொருள்தான், ஆனால் கழிப்பறையின் வாய் நீள்வட்டமா வட்டமா என்று பார்த்து அதற்கேற்ற மாதிரி வாங்க வேண்டும். கனமானவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவது வழக்கம், ஏனென்றால் ஆபரேஷன் காலை நீட்டிக்கொள்கிறார்கள். திருகுப் பிடிமானம் இல்லாத உயர்த்தி அப்போது நகர்ந்துவிடும். பக்கத்துக்கு ஒன்றாகத் திருகு உள்ளதை மட்டும் எடுங்கள், வாரம் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

இரும்புக் கமோடு நாற்காலிதான் எங்கள் தேர்வு, இரண்டு உடம்புக்கும். மடக்காத வகையாக, குறுக்குக் கம்பி உள்ளதாக, கைப்பிடிகளுக்கு நடுவே தொடை இறுகாமல் உட்காரும் அகலமுள்ளதாகப் பாருங்கள். உயரம்: தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து அதோடு 5 செ.மீ. கூட்டுங்கள். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதற்கு முழங்கால் 100 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், முதல் வாரங்களில் அது முடியாது. முடியாததைக் கை ஊன்றி ஈடுகட்டப் பார்ப்பார்கள். கனமான உடம்பில் தோளும் சேர்ந்து கெடும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் மூட்டு நழுவ வாய்ப்புண்டு, எடை கூடியவர்களிடம் அந்த வாய்ப்பு கூடுதல். எத்தனை நாள் கவனம் தேவை என்று அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

40 கிலோக்காரருக்கு அதே நாற்காலியின் பலகை உறுத்தும். மெத்தென்ற உறை போட்டது வாங்குங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார விடாதீர்கள்.

உட்காரும் மற்ற இடங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கல்யாண மண்டபப் பிளாஸ்டிக் நாற்காலி, வளவு ஊஞ்சல், துணிச் சாய்வு நாற்காலி மூன்றும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். ஊஞ்சல் உட்காரும்போது பின்னால் போகும், சாய்வு நாற்காலி ஆளை உள்ளே வாங்கிக்கொள்ளும். கைவைத்த பழைய தேக்கு நாற்காலி இருந்தால் அதுதான் வீட்டிலேயே சிறந்த மருத்துவ சாமான். கட்டை வைத்து நான்கு காலையும் உயர்த்திக்கொண்டால் போதும்.

காலுறை

ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வெள்ளைக் காலுறையும், நரம்புச் சுருட்டலுக்குப் போடும் இறுக்கமான காலுறையும் வேறு வேறு. கடையில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவமனைச் சீட்டில் எழுதியதைக் காட்டி வாங்குங்கள். அளவு எடுப்பது காலையில், எழுந்து நடப்பதற்கு முன்: கணுக்காலின் ஒல்லியான இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், நீளம். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஆபரேஷன் கால் வீங்கியிருக்கும்.

குட்டையான, பருத்த கால்களுக்கு ஒரு சிக்கல். சுற்றளவுக்குப் பெரிய சைஸ் எடுத்தால் நீளம் மிஞ்சும். மிஞ்சியதை மேலே மடித்து விடுவார்கள். மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, கயிறு கட்டியது மாதிரி ரத்த ஓட்டத்தையே தடுக்கும். தொடை வரை உள்ளது சுருண்டு இறங்கினால் முழங்கால் வரை உள்ளதுக்கு மாறுங்கள். தினமும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும், நம் ஊர் வெயிலில் வேர்த்து மடிப்புகளில் புண் வரும். காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும், சர்க்கரையால் பாதத்தில் உணர்வு மரத்துப்போனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது.

காலுறை துணைதான். உறைவைத் தடுக்கும் மாத்திரையோ ஊசியோ எழுதிக் கொடுத்திருந்தால் அதை ஒருநாள்கூட விடாமல் முடிப்பதும், மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசைப்பதும்தான் முதல் காவல். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனை. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் யோசிக்காமல் 108.

ஆபரேஷன் முடிந்து மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ காரில் திரும்புவது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். மேலூரிலோ புதுக்கோட்டையிலோ நிறுத்தி, இறங்கி நின்று நான்கு அடி நடக்க வைக்க வேண்டும். இருக்கை உயரமான வண்டியாக அமர்த்துங்கள். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டால் கனமானவர் வழுக்கித் திரும்பி உட்காரலாம். உட்கார்ந்ததும் அதை உருவிவிடுங்கள்.

காலை மடக்கி நீட்டும் மிஷின், முழங்கால் பெல்ட்

மிஷின் வாடகைக்கு விடுகிறார்கள். எடுக்காதீர்கள். முழங்கால் மாற்றியவர்களுக்கு இதனால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பருத்த காலுக்கு மிஷினின் கீலும் முழங்காலின் கீலும் ஒன்றுசேர்வதும் இல்லை. அந்த வாடகைப் பணத்தை பிசியோதெரபிக்குக் கொடுங்கள்.

முழங்கால் பெல்ட்டும் அப்படியே. மருத்துவர் சொன்னால் மட்டும். மேலே அகன்று கீழே ஒடுங்கும் தொடையில் அது நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். காயத்தின் மேல் உரசும்.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபி

மேலே சொன்ன எல்லாச் சாமானையும்விட இதற்குக் கொடுக்கும் பணம் பயனுள்ளது, ஆள் சரியாக இருந்தால். காரைக்குடி, தேவகோட்டை இரண்டு ஊரிலும் வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நல்லவர் வந்தவுடன் செய்வது: கோணமானியை வைத்து முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, எத்தனை டிகிரி நீள்கிறது என்று அளந்து எழுதுவார். காயத்தின் கட்டைப் பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். வந்ததும் சிவப்பு விளக்கை வைத்துவிட்டு, அதிர்வு மிஷினால் தடவிவிட்டுப் போகிறவரை மாற்றிவிடுங்கள். கெண்டைக்காலை எண்ணெய் விட்டு உருவுகிறவரை உடனே நிறுத்துங்கள். உள்ளே உறைவு இருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

பொதுவான இலக்கு: இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடக்கம், ஆறு வாரத்தில் 110 பக்கம். மடக்கத்தைவிட நீட்டம் முக்கியம். கால் முழுசாக நீளாவிட்டால் கடைசிவரை கெந்தித்தான் நடக்க வேண்டும். குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலைத் தொங்கவிடும் பயிற்சியை நாளுக்கு மூன்று நான்கு தடவை செய்யுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது சுகமாக இருக்கும், அதுதான் நீட்டத்தைக் கெடுக்கிறது.

பருத்த காலில் தொடைச் சதையும் கெண்டைச் சதையும் ஒன்றையொன்று முட்டும் இடத்தில் மடக்கம் நின்றுவிடும். அது மூட்டு இறுகியதால் வருவதில்லை. இது தெரியாத ஆள் பலவந்தமாக அழுத்துவார், வலியும் வீக்கமும்தான் மிஞ்சும். முட்டுகிறது எங்கே என்று கேளுங்கள்: பின்னால் சதை அழுந்துகிறதென்றால் அதுவே அவருடைய எல்லை. முன்னால் இழுக்கிறதென்றால் இன்னும் வேலை இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லின் வழுவழுப்பு இந்த ஓர் இடத்தில் உதவுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்துக்கடியில் துணியைப் போட்டுப் பின்னால் இழுத்தால் சுகமாக வழுக்கி மடங்கும்.

கட்டு நனைவதை பிசியோதெரபிஸ்டும் வீட்டாரும் கவனிக்க வேண்டும். ஐந்தாறு நாளுக்குப் பிறகும் கசிந்தால் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போன் செய்யுங்கள். பக்கத்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பும் ஒரு வேலை உண்டு: அன்றைய எடையை மருத்துவமனையில் தராசில் நிறுத்து எழுதச் சொல்லுங்கள். மயக்க மருந்தும், கிருமிக்கு முன்கூட்டிப் போடும் ஊசியும் எடையைப் பொறுத்தவை. கிருமி ஊசியான செஃபாசோலின் பொதுவாக 2 கிராம், 120 கிலோவும் அதற்கு மேலும் 3 கிராம். குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்கிறவர் என்றால் அதையும் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும், டிராமடால் மாதிரி வலி மாத்திரைகள் அவர்களுக்கு ஆபத்து.

புரத டப்பா

மருந்துக் கடையில் புரத பவுடர் என்று விற்பதில் பின்பக்க அட்டையைப் படியுங்கள். ஒரு கரண்டியில் புரதம் எத்தனை கிராம், சர்க்கரை எத்தனை கிராம்? சர்க்கரை முந்தினால் வைத்துவிடுங்கள். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம், வெந்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போய்ச்சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு. கறி சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு, பயறு, தயிர், பனீர். கும்மாயம் உளுந்தும் பாசிப்பயறும் கருப்பட்டியும் சேர்ந்த நல்ல பண்டம், ஒல்லியானவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சர்க்கரைக்காரருக்குக் கருப்பட்டி கூடாது. ஆட்டுக்கால் சூப் குடித்தால் மூட்டு பலமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ருசிக்குக் குடிக்கலாம், கொழுப்பை எடுத்துவிட்டு. பார்க்க வருகிறவர்கள் தேன்குழலும் அதிரசமும் கொண்டுவருவார்கள். அதைச் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

முதல் ஆறு வாரத்தில் எடை குறைக்கும் பட்டினி வேண்டாம். புண் ஆறுவதற்கு உடம்பு புரதத்தை எடுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. குறைக்க வேண்டியது சோற்றின் அளவும் இனிப்பும். சாப்பாட்டையே குறைத்துவிடக் கூடாது.

எடை மிஷின்

கண்ணாடித் தட்டு டிஜிட்டல் மிஷின் போதும், ஆனால் அதன் அதிகபட்ச எடை உங்கள் எடையைவிடத் தாராளமாக மேலே இருக்க வேண்டும். சமமான கல்லில் வைக்கவும், பாயின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் நீர்வீக்கத்தால் இரண்டொரு கிலோ கூடித் தெரிவது இயல்பு, பயப்பட வேண்டாம். வாக்கரைப் பிடித்தபடி ஏறி நின்றால் கை தாங்கும் எடை கழிந்து குறைவாகக் காட்டும். பிடிக்காமல் ஏறுவதோ முதல் மாதத்தில் ஆபத்து. ஆகவே ஆறாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள், காலையில், சுவரோரம் வைத்து, பக்கத்தில் ஆள் நிற்க ஏறினால் போதும். ஒல்லியானவர்களுக்கு இந்த எண் ஏற வேண்டும். கனமானவர்களுக்கு மாதம் ஒன்றிரண்டு கிலோ இறங்கினால் நல்ல வேகம்.